லேப்டாப்பில் "டிக் டிக்" சத்தமா? முதலில் கணக்கைக் காப்பாற்றுங்கள்!



நம் குழுக்களின் சேமிப்பு, கடன், வட்டி, வங்கித் தவணை எல்லாவற்றையும் கூட்டமைப்பு அலுவலக லேப்டாப்பில் ஏற்றி வைக்கிறோம். "கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, இனிமே கவலை இல்லை" என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

சென்ற ஆண்டு தணிக்கைக்குப் பத்து நாள் இருக்கும்போது கணக்காளர் தங்கை போன் செய்தார். "அக்கா, லேப்டாப் உள்ள டிக் டிக்னு சத்தம் வருது. ஒரு ஃபைல் திறக்கவே ரொம்ப நேரம் ஆகுது" என்றார். "ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணிப் பாரும்மா" என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு. மூன்றாம் நாள் லேப்டாப் திறக்கவே இல்லை.

கடைசியாகப் பிரதி எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. குழுக்களின் பேரேட்டையும் ரசீதுகளையும் வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து மறுபடி ஏற்றினோம். ஒரு குழுவில் பேரேடும் எழுதவில்லை. "கம்ப்யூட்டர்லதான் இருக்கே" என்று விட்டுவிட்டார்கள். ஒரு அக்கா கட்டிய இரண்டு தவணைக்கு எந்தப் பதிவும் இல்லை. "நான் கட்டினேனே" என்று கண் கலங்கி நின்றார். உடன் இருந்த உறுப்பினர்கள் சாட்சி சொன்னதால், தீர்மானம் போட்டுச் சரிசெய்தோம். சாட்சி இல்லாவிட்டால் அவர் கதி என்ன?

ஹார்டு டிஸ்க் ஏன் கெடுகிறது?

கணக்கெல்லாம் பதிந்திருக்கும் பாகம்தான் ஹார்டு டிஸ்க். அதற்குள் பளபளப்பான தட்டு சுற்றுகிறது. பல லேப்டாப்களில் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் ஒரு முனை நகர்ந்து எழுதுகிறது, படிக்கிறது. ஓடும்போது கீழே விழுந்தால் முனை தட்டில் உரசிவிடும். அடி படாவிட்டாலும் வயதானால் தேயும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

டிக் டிக் அல்லது கரகர சத்தம், திடீரென மிகவும் மெதுவாவது, ஃபைல் திறக்காமல் போவது, அடிக்கடி நீலத் திரை வந்து நிற்பது. இதில் ஒன்று வந்தாலும் சும்மா இருக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியது

1. புதிய வேலை எதையும் அதில் செய்ய வேண்டாம். சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். ஓட ஓட சேதம் கூடும்.
2. சத்தமில்லாமல் மெதுவாக மட்டும் இருந்தால், முக்கியமான கணக்கை முதலில் வெளி டிஸ்க்கில் பிரதி எடுங்கள். படம், வீடியோ பிறகு. கணக்கு மென்பொருளின் பதிவுகள் பெரும்பாலும் தனி ஃபோல்டரில் இருக்கும். அதை மறக்காதீர்கள்.
3. கடையில் "ஃபார்மேட் பண்ணித் தரேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஃபார்மேட் என்றால் அழிப்பது. "முதல்ல உள்ள இருக்கிறதை எடுத்துக் கொடுங்க" என்று கேளுங்கள். டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் வேறு கம்ப்யூட்டரில் இணைத்து எடுக்க முயலலாம்.
4. டிஸ்க்கின் மூடியைத் திறக்க விடாதீர்கள். தூசி பட்டாலே கெட்டுவிடும்.

புதியது மாற்றும்போது

பழைய லேப்டாப்பில் பெரும்பாலும் 2.5 அங்குல டிஸ்க் இருக்கும். புது மாடல்கள் சிலவற்றில் சின்னப் பட்டை மாதிரி இருக்கும். மாடலைக் காட்டி வாங்குங்கள். இப்போது எஸ்.எஸ்.டி. போடுவது நல்லது. அதில் சுற்றும் பாகம் இல்லை, வேகமும் அதிகம். ஆனால் அதுவும் கெடும், சத்தம் காட்டாமலே கெடும். கணக்கைத் திரும்ப ஏற்றியதும், கடைசி மாத இருப்பை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய டிஸ்க்கை எடைக்குப் போடாதீர்கள். அதில் நம் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. கேட்டு வாங்கிப் பீரோவில் பூட்டி வையுங்கள், அல்லது உடைத்துவிடுங்கள்.

இனிமேல் நம் வழக்கம்

மூன்று பிரதி: லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று. இரண்டும் ஒரே மேசை டிராயரில் இருந்தால் திருடனுக்கும் தீக்கும் ஒரே வேலைதான். பிரதியை மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாத மாதிரிதான். கையால் எழுதும் பேரேட்டையும் நிறுத்த வேண்டாம்.

சகோதரிகளே, "இதெல்லாம் படிச்சவங்க வேலை" என்று ஒதுங்காதீர்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "கடைசியா எப்ப பிரதி எடுத்தீங்க? அது எங்க இருக்கு?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். லேப்டாப் அலுவலகத்துடையது. அதில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் உழைத்துச் சேர்த்தது.