தீவில் வேலையா? வண்டி ஏறும் முன் இதைப் படியுங்கள்

போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பே 500 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே இருக்கிறது. அங்கே போகக் கப்பல் அல்லது ஹெலிகாப்டர். தீவுக்குள் ஜீப்பும் டிப்பரும். இப்படிப்பட்ட தீவுகளுக்குக் கட்டுமான வேலைக்குக் கிளம்புகிறவர்கள் கூலி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விசாரிக்கிறார்கள். எதில் ஏற்றிப் போவார்கள் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். உயிரும் இழப்பீடும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன.

டிப்பரில் ஏறாதீர்கள்

சரக்கு வண்டி ஆள் ஏற்றுவதற்கானதல்ல. நீங்கள் ஒரு கான்ட்ராக்டரின் ஆள், டிப்பர் இன்னொருவருடையது என்று வையுங்கள். அதில் ஓசியில் போய் விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடலாம். சரக்கு வண்டியில் கட்டணமில்லாமல் போகும் பயணிக்குக் காப்பீட்டாளர் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு வண்டி உரிமையாளரைத் தேடி அலைய வேண்டியதுதான். இருக்கை உள்ள வண்டி கேளுங்கள்.

வானில் போகும்போது

சிறிய விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் ஒவ்வொரு கிலோவும் கணக்கு. உங்கள் எடையையும் பையின் எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். கொடுத்த இருக்கையை மாற்றாதீர்கள். வானிலை சரியில்லை என்று விமானி மறுத்தால், வேலை தாமதமாகிறதென்று யாரும் அவரை நெருக்கக் கூடாது. ஹெலிகாப்டரை விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே, குனிந்தபடி, சைகை கிடைத்த பிறகு அணுகுங்கள். வால்பக்கம் போகவே கூடாது.

கடலில் விழ நேர்ந்தால், விமானத்தைவிட்டு வெளியே வந்த பிறகுதான் உயிர்காப்பு அங்கியில் காற்று நிரப்ப வேண்டும். 1996 நவம்பரில் கொமொரோஸ் தீவருகே எத்தியோப்பிய விமானம் ஒன்று கடலில் விழுந்தது. உள்ளேயே அங்கியை ஊதிக்கொண்ட பலர், தண்ணீர் புகுந்ததும் மேலே மிதந்து சிக்கி, வெளியேற முடியாமல் இறந்தார்கள்.

உங்கள் உரிமைகள்

• 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, தங்குமிடத்திலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்துதான்.

• "என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல" என்று எழுதி வாங்கினாலும், இழப்பீட்டு உரிமையைப் பறிக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது.

• பயணம் ஆபத்தாகத் தெரிந்தால் நிர்வாகத்திடம் சொல்லலாம். சரிசெய்யாவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்.

• சாலை விபத்துக்கு, யார் தவறு என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு இடம் தருகிறது. தவறை நிரூபித்துக் கூடுதல் தொகை கேட்கும் வழி 166ஆம் பிரிவு. அதற்கு ஆறு மாதத்துக்குள் மனு போடுங்கள். விபத்து தீவில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் மாவட்டத்துத் தீர்ப்பாயத்திலேயே 166ஆம் பிரிவு மனுவைப் போடலாம்.

• சாலை விபத்தே வேலை விபத்தாகவும் இருந்தால், தொழிலாளர் இழப்பீடு, மோட்டார் வாகன இழப்பீடு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கறிஞரிடம் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

• விமானப் பயண இழப்பீட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு.

விபத்து நடந்துவிட்டால்

112க்கு அழையுங்கள். முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவமனைச் சீட்டு, வண்டி எண், வருகைப் பதிவின் படம், மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, ஒரு நகலை வீட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

ஒப்பந்ததாரர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறியவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கரையில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டே அவர்கள் கிளம்ப வேண்டும். வண்டியோ விமானமோ நேரத்துக்கு வந்து சேராவிட்டால், யாரைத் தேட வேண்டும், எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பது அந்தத் தாளை வைத்துத்தான் தெரியும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏறுங்கள்.