லாரி நாக்பூரில், மனைவி நாமக்கல்லில்... ஆன்லைன் குடும்ப ஆலோசனை எப்படி நடக்கிறது? யாருக்குப் பயன்படும்?

மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் ஓடும் லாரி அல்லது போர்வெல் ரிக் வண்டி. இரவு ஷிஃப்ட்டிலும் சத்தம் அடங்காத விசைத்தறி. விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை. சேலம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் இதில் இரண்டாவது இல்லாத குடும்பம் குறைவு. கணவனும் மனைவியும் முகம் பார்த்துப் பேசும் நாட்களே கொஞ்சம். அப்போதும் வண்டித் தவணை, ஸ்கூல் ஃபீஸ், மார்க் என்றுதான் பேச்சு போகும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்த சண்டைகள், இப்போது போனில் தொடங்கி போனை கட் பண்ணுவதில் முடிகின்றன.

அதே போனில் மனநல ஆலோசகரும் சேர்ந்து பேசினால் என்ன ஆகும்? அதுதான் ஆன்லைன் குடும்ப ஆலோசனை.

குடும்ப ஆலோசனை என்றால் என்ன?

'தப்பு யார் மேல?' என்று தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து அல்ல இது. ஒரே சண்டை ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று பார்ப்பதுதான் இதன் அடிப்படை. உதாரணமாக, பையனுக்கு மார்க் குறைகிறது. அம்மா திட்டுகிறார். அப்பா போனில், "நீ சரியா பாத்துக்கல" என்கிறார். அம்மாவின் கோபம் மறுபடியும் பையன் மீதே இறங்குகிறது. பையன் பேசுவதையே நிறுத்திவிடுகிறான். இங்கே பையனை மட்டும் கூப்பிட்டுப் புத்தி சொன்னால் எதுவும் மாறாது. மூன்று பேருக்கும் இடையே சுற்றும் இந்த வட்டத்தை எங்கே உடைப்பது என்று ஆலோசகர் தேடுவார்.

இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியுடன் குடும்பத்தினரையும் தங்க வைத்துச் சிகிச்சை அளிக்கும் முறை 1950களிலேயே தொடங்கியது. குடும்பம் உடனிருந்தால் குணமாவது எளிது என்பதே அதன் பின்னணி.

ஆன்லைனில் எப்படி நடக்கும்?

பொதுவாக ஒரு அமர்வு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நீளும். வாரம் ஒன்று அல்லது இரு வாரத்துக்கு ஒன்று என்று நடக்கும். முதல் அமர்வில் குடும்பத்தில் யார் யார், எப்போதிலிருந்து பிரச்சினை, இருவரும் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்பார்கள். கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியாக ஒருமுறை பேசுவதும் வழக்கம்.

அடுத்தடுத்த அமர்வுகளில் ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதில், "நேத்து நீங்க போன் எடுக்காதப்ப பயந்துட்டேன்" என்று சொல்லப் பழக்குவார்கள். கேட்க சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் முதல் வாக்கியம் சண்டையை வளர்க்கும், இரண்டாவது பதிலைக் கொண்டுவரும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு அறை வீட்டில், பக்கத்தில் மாமியாரும் பிள்ளைகளும் இருக்கும்போது மனதில் உள்ளதை எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, உறவினர் வீட்டுத் தனி அறை, ஹெட்போன் என ஏதாவது ஏற்பாடு வேண்டும். வண்டி ஓட்டிக்கொண்டே பேசவே கூடாது; லாரியை ஓரம் கட்டி நிறுத்திய பிறகுதான் அழைப்பில் சேர வேண்டும்.

இது பலன் தருமா?

அமெரிக்காவில் 300 ஜோடிகளிடம் இணையவழி உறவுப் பயிற்சி ஒன்றைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. பயிற்சி பெற்ற ஜோடிகளின் மணவாழ்க்கைத் திருப்தி, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடக் கூடியிருந்தது. ஆனால் இருவருக்கும் விருப்பம் இருந்தால்தான் பலன். ஒருவரை இழுத்து வந்து கேமரா முன் உட்கார வைத்தால் மௌனம்தான் மிஞ்சும்.

14416: அரசு தரும் இலவச உதவி

காசு இல்லையே என்று தயங்குபவர்களுக்கு முதல் படி, மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. உலக மனநல நாளான 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இந்தச் சேவையை பெங்களூரு நிம்ஹான்ஸ் வழிநடத்துகிறது. தமிழ்நாட்டில் இதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இது தொடர் குடும்ப ஆலோசனைக்கு மாற்று அல்ல, அதற்கான வாசல். நேரில் தொடர சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை, 2022இல் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஆகியவற்றை அணுகலாம்.

போலி ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

'குடும்ப நல ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் இன்ஸ்டாகிராமில் போர்டு மாட்டிவிடலாம். எனவே பணம் கட்டும் முன் கேளுங்கள்:

* மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன? மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவருக்கு மட்டுமே.
* கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு உண்டா?
* அழைப்பு பதிவு செய்யப்படுமா? குறிப்புகளை யார் பார்ப்பார்கள்?
* ஒரு அமர்வுக்கு எவ்வளவு? மொத்தமாக முன்பணம் கேட்டால் உஷார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது.

எப்போது ஆன்லைன் ஆலோசனை கூடாது?

வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைக்கும் ஆலோசனை ஆபத்து. கேமரா முன் மனைவி சொன்ன உண்மைக்கு, அழைப்பு முடிந்ததும் அடி விழலாம். அப்படிப்பட்டவர்களுக்கு முதல் தேவை சமாதானம் அல்ல, பாதுகாப்பு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. உயிருக்கு ஆபத்து என்றால் உடனே 112. தற்கொலை எண்ணம் வந்தாலும் அடுத்த அமர்வு வரை காத்திருக்கக் கூடாது. 14416க்கு அழையுங்கள் அல்லது அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வழக்கு கோர்ட்டில் இருந்தால்?

குடும்ப நீதிமன்றச் சமரசமும் தனிப்பட்ட ஆலோசனையும் வேறு வேறு. சமரச முயற்சியை வீடியோவில் நடத்தக் கூடாது. அது தோற்ற பிறகு இருவரும் ஒப்புக்கொண்டால் மட்டும் வீடியோ விசாரணையை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில், 2-க்கு 1 என்ற பெரும்பான்மையில் கூறியது. ஆகவே ஆன்லைனில் ஆலோசனை பெற்றாலும் கோர்ட் தேதிக்கு ஆஜராகாமல் இருந்துவிடாதீர்கள்.

லாரிக்கு எஃப்.சி. தேதி நெருங்கும் முன்பே ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். வீட்டுப் பிரச்சினைக்கு மட்டும் வக்கீல் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்கிறோம். 'எல்லாம் தானா சரியாயிடும்' என்று மூன்று மாதம் சொல்லியும் அதே சண்டை தொடர்ந்தால், உதவி கேட்க அதுவே சரியான நேரம்.