பைக்ல அஞ்சு லிட்டர் தின்னர்: "கொஞ்சம்தானே"ன்னு சட்டம் சொல்லுதா?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

2025 ஜூலை 13 அதிகாலையில, திருவள்ளூர் பக்கத்துல டீசல் ஏத்திட்டுப் போன சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடிச்சது. அந்தக் கரும்புகை வீடியோ உங்க ஃபோனுக்கும் வந்திருக்கும். டேங்கர்னா நாம எல்லாரும் தள்ளி நிக்கிறோம். ஆனா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பர்கள் தினமும் கேக்குறது வேற மாதிரி: "தம்பி, வர்ற வழியில அந்தத் தின்னர் கேனை வாங்கிட்டு வந்துடு." "இந்த சாம்பிளை சென்னை லேப்ல கொடுத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடு."

கொஞ்சம்தானே, என்ன ஆகப்போகுது? இன்னைக்கு இந்தக் கேள்விதான்.

உங்க பைக் எப்போ சரக்கு வண்டி ஆகுது?

நான் கோட் எழுதுறவன், வக்கீல் இல்ல. ஆனா சட்டமும் கோட் மாதிரிதான், முதல்ல டெஃபினிஷனைப் படிக்கணும். 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(14). சரக்கு ஏத்துறதுக்குன்னே செஞ்ச வண்டி மட்டும் சரக்கு வாகனம் இல்ல. அப்படிச் செய்யாத வண்டியும், சரக்கு ஏத்துற நேரத்துல சரக்கு வாகனம்தான். காரில் போகும்போது உங்க சொந்த லக்கேஜ், சொந்தப் பொருள் "சரக்கு" கணக்குல வராது. கம்பெனியோட கெமிக்கல் உங்க சொந்த லக்கேஜ் இல்லையே!

1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 129 முதல் 137 வரை அபாயகரமான பொருட்களைப் பத்திதான். வண்டியில எச்சரிக்கை லேபிள், முதலுதவிப் பெட்டி, டிரைவருக்குப் பயிற்சின்னு நிறைய இருக்கு. அது லாரியை மனசுல வச்சு எழுதினது. பைக்ல அதையெல்லாம் எங்கே மாட்டுறது? இங்கதான் சிக்கல்.

அமெரிக்காவுல இதுக்குன்னு தனி விதியே இருக்கு. வேலைக்குத் தேவையான பொருளை ஊழியரே வண்டியில கொண்டு போகலாம். பெரும்பாலான திரவங்களுக்கு ஒரு கேன் 30 லிட்டர் வரை, வண்டியில மொத்தம் 200 கிலோ வரை. ஷிப்பிங் பேப்பர் வேண்டாம். ஆனா கசியாத கேன், மேல பேர், ஆடாமக் கட்டணும், என்ன கொண்டு போறோம்னு ஓட்டுறவருக்குத் தெரிஞ்சிருக்கணும். நம்ம மோட்டார் வாகன விதிகள்ல "ஊழியர் கொஞ்சமா கொண்டு போனா பரவாயில்ல"ன்னு இப்படி ஒரு பொது விலக்கு இல்ல. இந்தச் சட்டம் மத்திய சட்டம், அதனால ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குள்ள போனாலும் கதை இதேதான்.

தின்னருக்கு ஒரு 30 லிட்டர் கணக்கு

விலக்கே இல்லையான்னா, ஒண்ணு இருக்கு. 1934 பெட்ரோலியம் சட்டம். பேரைப் பார்த்து பெட்ரோல், டீசல் மட்டும்னு நினைக்காதீங்க. திரவ ஹைட்ரோகார்பன் கலந்த, தீப்பிடிக்கிற கலவை எல்லாமே இதுல அடங்கும். டொலுயின் கலந்த தின்னரும் சேர்த்துதான்.

தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி கிளம்புற குறைந்தபட்ச வெப்பநிலைக்கு ஃபிளாஷ் பாயிண்ட்னு பேர். அது 23 டிகிரிக்குக் கீழே இருந்தா 'ஏ' வகை. டொலுயினுக்கு சுமார் 4 டிகிரி. நம்ம ஊர் மார்கழிக் குளிர் கூட அதைவிடச் சூடு! அதாவது மூடி லூஸா இருந்தா, எந்த மாசமானாலும் பத்திக்கிற ஆவி வெளியே வந்துட்டே இருக்கும். அது காத்தைவிடக் கனம், மேல போய்க் கலையாம தரையோட தேங்கும். கண்ணாடி ஏத்தின காருக்குள்ள யோசிச்சுப் பாருங்க.

'ஏ' வகையை விற்பனைக்கு இல்லாம, மொத்தக் கையிருப்பு 30 லிட்டருக்குள்ள வச்சிருந்தா லைசென்ஸ் வேண்டாம்னு பிரிவு 8 சொல்லுது. கூடவே ஒரு நிபந்தனை: நல்லா மூடின கண்ணாடி, பீங்கான் பாத்திரம்னா 1 லிட்டருக்குள்ள, உலோகம்னா 25 லிட்டருக்குள்ள. அந்தப் பட்டியல்ல பிளாஸ்டிக் இல்ல. நம்மாளுங்க எதுல ஊத்திட்டு வர்றாங்க? பழைய தண்ணி பாட்டில்ல. தாகத்துல யாராவது எடுத்துக் குடிச்சிடுற ஆபத்து வேற.

பேச்சுக்கே இடமில்லாத ரெண்டு விஷயம்

ஒண்ணு, சிலிண்டர். கேஸ் நிரப்பின சிலிண்டரை சைக்கிள்லயோ பைக்லயோ கொண்டு போகக்கூடாதுன்னு கேஸ் சிலிண்டர் விதிகள் நேராவே சொல்லுது. சின்ன சிலிண்டர், பக்கத்துத் தெருதான்ற கதையெல்லாம் எடுபடாது.

இன்னொண்ணு, ரயில். சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி லோக்கல்ல பேக்குக்குள்ள சாம்பிள் பாட்டில் வச்சுட்டுப் போறவங்க கவனிங்க. சட்டத்தை மீறி அபாயகரமான பொருளை ரயில்ல கொண்டு போனா, 1989 ரயில்வே சட்டம் பிரிவு 164-ன்படி 3 வருஷம் வரை சிறை கிடைக்கலாம். சேதம் ஆனா அதுக்கும் நீங்கதான் பொறுப்பு.

அப்போ யார் பொறுப்பு?

ஓட்டுறவர் மட்டும் இல்ல. அனுப்புறவர் பொருளைப் பத்தின முழுத் தகவலையும் தரணும்னு விதி 131 சொல்லுது. அந்தத் தகவல் எழுத்துல, ஓட்டுறவர் கையில இருக்கணும். லாரிக்காரங்க அதை ட்ரெம் கார்டுன்னு சொல்வாங்க. விபத்து நடந்தா உடனே பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முதலாளிக்கும் சொல்லணும். ஆனா இந்த விதிகளை மீறினா, வண்டியை ஓட்டினவர் மேலயும் கேஸ் வரலாம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரை சிறைன்னு பிரிவு 190 சொல்லுது. சூப்பர்வைசர் வாய்வார்த்தையா சொன்ன "எடுத்துட்டு வந்துடு தம்பி"க்கு ஆதாரம் இருக்காது. கையில கேனோட நிக்கிறது நீங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

1. இது என்ன பொருள்? பாதுகாப்புத் தகவல் தாள் எங்கே?
2. ஒரிஜினல் கேனா, லேபிள் இருக்கா?
3. ஆசிட்டையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒண்ணா வச்சிருக்கா? ரெண்டும் கலந்தா குளோரின் வாயு வரும்.
4. கொட்டினா நான் என்ன செய்யணும், யாருக்கு ஃபோன் பண்ணணும்?
5. சப்ளையர் வண்டியிலயே ஏன் வரக்கூடாது?

அஞ்சாவதுதான் முக்கியமான கேள்வி. புதுசா சேர்ந்த டிரெய்னி அதை நேர்ல கேக்குறது கஷ்டம்னு எனக்கும் தெரியும். அதனால ஒரு வழி: "சார், எடுத்துட்டு வரேன். பொருள் பேரு, அளவு, தகவல் தாள் மட்டும் மெயில்ல அனுப்பிடுங்க"ன்னு கேளுங்க. பாதி நேரம் அந்த மெயில் வராது. சப்ளையர் வண்டிதான் வரும்.

இந்த எபிசோடை சிப்காட்ல வேலை பார்க்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.