பாடப்புத்தகத்தை ‘ஜெராக்ஸ்’ எடுத்தால் கேஸ் வருமா? சட்டம் சொல்வது என்ன?

காஞ்சீபுரம்:

காலேஜில் படிக்கும் பிள்ளைக்கு வாத்தியார் சொல்லும் புத்தகம் ஒன்றின் விலை ஆயிரம், இரண்டாயிரம் என்று இருக்கிறது. தறி நெய்து குடும்பம் நடத்துகிறவர்களால் அத்தனையும் வாங்கித்தர முடியுமா? நூலகத்தில் எடுத்து நாலு பக்கம் ஜெராக்ஸ் போடுவதுதான் ஒரே வழி.

ஆனால் ‘‘புக்கை எல்லாம் ஜெராக்ஸ் எடுக்கக்கூடாதுப்பா, கேஸ் ஆயிடும்’’ என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மை, பாதி வீண் பயம். படிப்பதற்காக எடுப்பதற்கு சட்டமே இடம் கொடுத்திருக்கிறது.

52-வது பிரிவு

‘காப்பிரைட்’ எனப்படும் பதிப்புரிமை சட்டம் 1957-ல் வந்தது. எழுதியவர் உயிரோடு இருக்கும் வரையிலும், இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும் புத்தகத்தின் உரிமை அவருக்கும் அவரது வாரிசுகளுக்கும் உண்டு. உரிமையை எழுதி வாங்கியிருந்தால் பதிப்பகத்துக்கு.

அதே சட்டத்தின் 52-வது பிரிவு, எதெல்லாம் குற்றம் ஆகாது என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. சொந்த படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் நகல் எடுக்கலாம். பாடம் நடத்துவதற்காக ஆசிரியரும் மாணவரும் நகல் எடுக்கலாம். கேள்வித்தாளிலும் சேர்க்கலாம். ‘பத்து சதவீதம் வரைதான் எடுக்கலாம்’ என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு கணக்கு நம் சட்டத்தில் எங்கேயும் இல்லை.

டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கு

இந்த விஷயத்தில் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடைதான் அது. பேராசிரியர்கள் சொல்லும் பல புத்தகங்களின் பகுதிகளை ஒன்றாக நகல் எடுத்து, கட்டு போட்டு மாணவர்களுக்கு கொடுத்து வந்தார்கள். பக்கத்துக்கு 40 காசுதான்.

2012-ம் ஆண்டு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பெரிய பதிப்பகங்கள் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் டெல்லி ஐகோர்ட்டில் வழக்கு போட்டன. அவர்கள் கேட்ட நஷ்டஈடு 60 லட்சம் ரூபாய். கடைக்கு இடைக்கால தடையும் வந்தது. மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். அவர்களே சங்கம் அமைத்து வழக்கில் சேர்ந்து கொண்டார்கள். புத்தகம் எழுதியவர்களில் பலரே வழக்கு வேண்டாம் என்றார்கள். நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னும் அதில் ஒருவர்.

2016 செப்டம்பர் 16-ந்தேதி நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கை தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை ஒன்றும் கடவுள் கொடுத்த உரிமை அல்ல, அறிவு வளர்ந்து மக்களுக்கு பயன்படத்தான் அது இருக்கிறது என்பது அவரது தீர்ப்பின் சாரம்.

அதே ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி அப்பீலை விசாரித்த இரண்டு நீதிபதிகள் பெஞ்சும், எத்தனை பக்கம் என்று பார்க்க வேண்டியதில்லை, பாடத்துக்கு அது தேவையா என்றுதான் பார்க்க வேண்டும் என்று கூறியது. அந்த நகல்கள் பாடத்துக்கு உண்மையிலேயே தேவைதானா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னது. அந்த விசாரணைக்கு நிற்காமல் 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டன. மே மாதம், உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பு போட்ட மனுவையும் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது.

நூலகத்துக்கு என்ன சலுகை?

லாபநோக்கம் இல்லாத பொது நூலகம், இந்தியாவில் விலைக்கு கிடைக்காத புத்தகத்தை தன் உபயோகத்துக்காக 3 பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் புத்தகம் செல்லரித்துப் போகாமல் காப்பாற்ற, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கவும் 2012-ம் ஆண்டு திருத்தம் வழி செய்தது. பார்வையற்றவர்கள் படிக்க பிரெய்லி, ஒலிப்புத்தகம் தயாரிக்கவும் அந்த திருத்தம்தான் அனுமதி தந்தது.

திருப்பருத்திக்குன்றம் புத்தகம்

நம் ஊர் உதாரணம் ஒன்று. ஜின காஞ்சி எனப்படும் திருப்பருத்திக்குன்றம் ஜைனர் கோவிலில், 1387-ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. அதன் மேற்கூரை ஓவியங்கள் புகழ்பெற்றவை. இந்த கோவில் பற்றி டி.என்.ராமச்சந்திரன் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தை 1934-ல் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. இன்றைக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் தேடும் புத்தகம் இது.

அரசு வெளியீடுகளுக்கு உரிமை, வெளியான நாளில் இருந்து 60 ஆண்டுதான். எனவே அந்த பழைய பதிப்பை முழுசாக நகல் எடுத்தாலும் யாரும் கேட்க முடியாது.

அதேபோல நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் எல்லோருக்கும் பொது. 1949-ல் பாரதியார் பாடல்களில் தொடங்கியது இது. காஞ்சி தந்த அண்ணாவின் நூல்களும் இந்த பட்டியலில் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஆயிரக்கணக்கான புத்தகங்களை காசில்லாமல் படிக்கலாம்.

எது தப்பு?

கடையில் விற்கும் போட்டித்தேர்வு கைடை அட்டை டு அட்டை நகல் போட்டு, பைண்டிங் செய்து விற்றால் அது திருட்டுப் பதிப்பு. புது புத்தகத்தை ஸ்கேன் செய்து செல்போன் குரூப்பில் ஊருக்கே அனுப்புவதும் அதே கதைதான். வியாபாரத்துக்காக செய்து சிக்கினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ராத்திரி பகலாக உட்கார்ந்து எழுதியவருக்கும் வயிறு இருக்கிறது அல்லவா!

மொத்தத்தில், படிக்க எடுத்தால் பயம் வேண்டாம், விற்க எடுத்தால் வில்லங்கம். நூலகத்தில் நகல் கேட்கும் மாணவர்கள், எந்த பாடத்துக்காக எந்த பக்கங்கள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் கேட்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் சிக்கல் இருக்காது.