சுற்றம் சூழ்ந்தும் ஏன் தனிமை?

மருத்துவமனைப் படுக்கையில் கடும் நோயாளி ஒருவர். சுற்றிலும் உறவினர். மேசையில் பழங்கள் குவிந்துள்ளன. ஆயினும், தாம் தனித்து விடப்பட்டதாக அவர் உணரக்கூடும். இஃது எவ்வாறு?

தனித்திருத்தல் வேறு, தனிமையுணர்வு வேறு. முன்னதை ஆட்களை எண்ணி அறியலாம். பின்னதை அவ்வாறு அறிய இயலாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல இதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. 1978-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 20 கூற்றுகளுடன் அது அமைக்கப்பட்டது. அருகில் எத்தனை பேர் என்று அது கேட்பதில்லை. குறிப்பிட்ட உணர்வு எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்றே கேட்கிறது.

ராபர்ட் வைஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் 1973-இல் தனிமையுணர்வை இரண்டாகப் பிரித்தார். பழகிய கூட்டத்தை இழப்பது ஒன்று. மனம்விட்டுப் பேச நெருங்கியவர் இல்லாதது மற்றொன்று.

கடும் நோய் இரண்டையும் விளைவிக்கக்கூடும். வலி, மூச்சுத் திணறல், களைப்பு ஆகியவை வெளியே செல்வதைத் தடுக்கின்றன. வேலை நின்றால், உடன் பணியாற்றியோரின் தொடர்பும் குறைகிறது. தொற்றிவிடுமோ என்ற அச்சம் அண்டை வீட்டாரை விலக்குகிறது. புற்றுநோய் பழகுவதால் தொற்றாது. எனினும் அந்நோயாளிகளையும் சிலர் ஒதுக்குவதுண்டு.

நெருக்கம் கெடுவது எங்ஙனம்? பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இருவர் மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 1965-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் ஒரு நிலையை விவரித்தனர். முடிவு நெருங்குவது நோயாளிக்கும் தெரியும், சுற்றியிருப்போருக்கும் தெரியும். இரு சாராரும் தெரியாதது போல் நடிக்கின்றனர். அன்பினால் எழும் நடிப்பாகவும் அது இருக்கலாம். ஆனால் தம் அச்சத்தைச் சொல்ல நோயாளிக்கு வழியில்லை. "எல்லாம் சரியாகிவிடும்" என்ற ஒரு சொல் அவர் பேச்சுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறது.

காரணம் தெரிந்தால் பரிகாரமும் தேடலாம். வலியைத் தணித்தால் பேசத் தெம்பு வரும். கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993-இல் வலி தணிப்புக்கும் ஆதரவுப் பராமரிப்புக்கும் ஒரு சங்கம் தோன்றியது. பின்னர் அப்பகுதியில், பயிற்சி பெற்ற தொண்டர்கள் தங்கள் ஊர் நோயாளிகளின் இல்லங்களுக்கே செல்லும் முறை பரவிற்று. மருந்து மட்டுமன்று, உட்கார்ந்து கேட்கும் செவியும் அவ்வீடுகளுக்குச் செல்கிறது.

நீங்களும் இதைச் செய்யலாம். நோயாளியைக் காணச் செல்கையில் பழம் வாங்கிச் செல்லுங்கள். கூடவே, அருகில் அமர்ந்து, "மனசுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேச விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சற்று நேரம் உடனிருங்கள்.