நோய் தாக்கிய தொட்டி மண்ணை மீண்டும் பயன்படுத்தலாமா?

மாடித் தோட்டத்தில் தக்காளிச் செடி வாடி இறந்ததும், அதே தொட்டியில் கத்தரி நாற்றை நடுவோர் பலர். சில வாரங்களில் அதுவும் வாடிவிடக்கூடும். செடியை அகற்றினாலும் நோய்க்கிருமி மண்ணிலேயே தங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

எனினும், எல்லா நோய்களுக்கும் மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. இலைகளில் வெண்பொடியாகப் படியும் சாம்பல் நோய், உயிருள்ள செடியைச் சார்ந்தே வாழ்வது. உதிர்ந்த இலைகளை அகற்றிவிட்டு அந்த மண்ணைப் பயன்படுத்தலாம். வாடல் நோய், வேரழுகல், வேர்முடிச்சு நூற்புழு ஆகியவை மண் வழியாகப் பரவுபவை. வாடல் நோயை உண்டாக்கும் ஃபுசேரியம் பூஞ்சையின் வித்துகள், செடியே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிர்த்திருக்கும்.

எனவே, முதலில் நோயை அறிவது அவசியம். வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் போன்ற இழைகள் இறங்கினால், அது பாக்டீரியா வாடல் நோய். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி ஆகியவற்றை இது தாக்கும். அந்த மண்ணை மீண்டும் பயன்படுத்தாமல், பையில் கட்டி அப்புறப்படுத்துவதே பாதுகாப்பானது. பிற செடிகளின் அருகில் கொட்டக் கூடாது. வேர்களில் முடிச்சுகள் காணப்பட்டால் நூற்புழுத் தாக்குதல் எனக் கொள்ளலாம்.

பூஞ்சை, நூற்புழு தாக்கிய மண்ணைச் சூரிய வெப்பத்தால் தூய்மைப்படுத்தலாம். இஸ்ரேல் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட இம்முறைக்கு, இந்தியாவின் பெரும்பகுதியில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான கோடைக்காலம் ஏற்றது. பழைய வேர்களை நீக்கி, மண்ணை ஈரமாக்கி, ஓரடிக்கும் குறைவான உயரத்தில் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் காற்றுப் புகாதவாறு மூட வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை வெயிலில் விட வேண்டும். கறுப்புத் தாளைவிட நிறமற்ற தாளே மண்ணை அதிகம் சூடாக்கும்.

வெப்பம் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் குறைத்துவிடும். ஆகவே, பின்னர் மண்புழு உரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பது நல்லது. பழைய தொட்டியைக் கழுவி, 1 பங்கு திரவ பிளீச்சுக்கு 9 பங்கு நீர் கலந்த கரைசலில் 10 நிமிடங்கள் ஊறவைத்து அலச வேண்டும்.

தூய்மைப்படுத்திய மண்ணிலும் முதல் பருவத்தில் அதே குடும்பப் பயிரைத் தவிர்ப்பது நலம். தக்காளிக்குப் பின் கத்தரியோ மிளகாயோ நடாமல், கீரை அல்லது அவரை வகைகளைத் தேர்ந்தெடுக்கலாம்.