குடலில் பெருகும் போலியோ

2019 டிசம்பர் 8-ஆம் தேதி மலேசியச் சுகாதார அமைச்சு அறிவித்த செய்தி இது: சபா மாநிலம் துவாரானில் மூன்று மாத ஆண் குழந்தைக்குப் போலியோ. 1992-க்குப் பிறகு நாட்டில் கண்ட முதல் போலியோ நோயாளி அந்தக் குழந்தைதான். காய்ச்சலும் தசைத் தளர்ச்சியுமாக வந்த பிள்ளைக்கு மூச்சு விடவும் உதவி வேண்டியிருந்தது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இருப்பவர்களுக்குச் சபா கடல் தாண்டிய ஊர்தான். ஆனால் இந்த வைரஸ் உடம்புக்குள் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் அந்தத் தூரம் ஆறுதல் தராது.

போலியோ என்றதும் சூம்பிய கால்தான் நம் நினைவுக்கு வருகிறது. அடிப்படையில் இது குடல் வைரஸ். அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத கை வழியாக வாய்க்குள் போய், தொண்டையிலும் சிறுகுடலிலும் பெருகுகிறது. செல்லின் மேல் இருக்கும் சிடி155 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தால், சில மணி நேரத்தில் ஒரே செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிவரும். பிறகு நிணநீர் முடிச்சுகள், அங்கிருந்து ரத்தம். பெரும்பாலோர் உடம்பு இந்தக் கட்டத்திலேயே அதை அடக்கிவிடும். 100 பேரில் 70 பேருக்குத் தும்மல்கூட வராது. ஆனால் மலத்தில் வைரஸ் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கும். சுமார் 200 பேரில் ஒருவருக்கே வாதம் வரும். ஒரு பிள்ளை நடக்க முடியாமல் போகும்போது, சுற்றிலும் ஏறக்குறைய 200 பேர் எதுவும் தெரியாமல் வைரஸைச் சுமந்திருப்பார்கள். இந்தக் கணக்குதான் எனக்குப் பெரிய கவலை.

வாதம் வரும் அந்த ஒருவர் உடம்பில், வைரஸ் ரத்தத்திலிருந்து நேராகவோ தசையிலிருந்து நரம்பிழை வழியாகவோ தண்டுவடத்தை எட்டுகிறது. காய்ச்சலோடு இருக்கும் பிள்ளைக்குத் தொடையில் ஊசி போட்டால் அந்தக் காலே செயலிழந்துவிடுவதை, போலியோ பரவலாக இருந்த காலத்தில் மருத்துவர்கள் கண்டதற்கு இந்த நரம்பு வழி ஒரு காரணம். தண்டுவடத்தின் முன்பக்கத்தில் தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. வைரஸ் அழிப்பது அவற்றைத்தான். உணர்வைக் கடத்தும் செல்களை அது விட்டுவிடும். அதனால் கால் அசையாது, ஆனால் கிள்ளினால் வலிக்கும். மூச்சுத் தசைகளை இயக்கும் செல்கள் போனால் உயிருக்கே ஆபத்து.

துவாரானில் வந்தது இயற்கையில் பரவும் ‘காட்டு’ வைரஸ் அல்ல. சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸ், தடுப்பு மருந்து பெறாதவர்களிடையே நெடுநாள் சுற்றி, மரபணு மாறி, வாதம் தரும் வலுவைத் திரும்பப் பெற்றது. அப்போது பிலிப்பைன்ஸில் பரவிய வைரஸோடு அதன் மரபணு ஒத்துப்போனது. மலேசியா 2008-லேயே சொட்டு மருந்திலிருந்து ஊசிக்கு மாறத் தொடங்கிவிட்டது. ஊசி ரத்தத்தில் காவல் நிற்கும், நரம்பைக் காக்கும். குடலில் வைரஸ் பெருகுவதை அவ்வளவாகத் தடுக்காது. அதனால்தான் பரவலை நிறுத்தச் சபாவில் மறுபடியும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மொத்தம் 4 பேர் பாதிக்கப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் பரவல் முடிந்ததாக அறிவித்தார்கள்.

இன்று கிள்ளான் அரசாங்க கிளினிக்கில் 2, 3, 5, 18 மாதங்களில் போடும் ஆறு நோய்த் தடுப்பூசியிலேயே போலியோவும் அடக்கம். ஆனால் அன்று துவாரான் பிள்ளையின் அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, 15 வயது வரையிலான 199 பேரில் 23 பேர் போலியோ தடுப்பு மருந்தே பெறவில்லை என்று தெரிந்தது. மூன்று மாதப் பிள்ளைக்கு எல்லாத் தவணையும் முடிந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த வயதில் அதற்குக் காவல், பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளைகள் பெற்ற தடுப்பு மருந்தும்தான்.